காயத்துக்கு முன்னால் வந்த காகிதம்

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரியவில்லை. கைபேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அசலா போலியா என்று கேட்கிறார்கள். காகிதத்தை முகராமல், விரலால் தடவாமல், முதுகைத் திருப்பிப் பார்க்காமல் எதைச் சொல்வது? போலி என்று சொன்னால் அடுத்த நொடியே ஏன் என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் வில்கோ ஹார்ம்ஸ் போலி என்றால் போலி. கேட்டவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவான். அவரும் காரணம் சொல்ல மாட்டார். இந்த வேலையில் இருக்கிற எவனும் சொல்ல மாட்டான். தப்பு எங்கே என்று வாய்விட்டுச் சொன்னால், அடுத்த தடவை அந்தத் தப்பைத் திருத்திக்கொண்டு வருவான் போலி செய்கிறவன். ஐம்பது வருஷமாக அவர் காத்துவந்த ஒரே சட்டம் அது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்து மீன் கிடங்கில் பெட்டி தூக்கியவர். எழுபத்தொன்பது வயது. போர்க்காலத்தில் கடற்படைக்காரர்களுக்குப் பதக்கத்தோடு கொடுத்த சான்றுத் தாள்களைப் பார்த்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று படித்தவர்களே ஒத்துக்கொண்டார்கள். தாளின் பின்பக்கம், கீழ் மூலையில், பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். அசல். அல்லது போலி. அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை.

முதல் தாளை அக்டோபர் கடைசியில் டெட்லெஃப் கொண்டுவந்தான். டெட்லெஃப் ஸாஸன், வில்கோவின் செத்துப்போன மனைவி கேஷேயின் தம்பி, துறைமுகத்து ஓரத்தில் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருப்பவன். அறுபது தாண்டியும் வாய் அடங்காதவன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அடியில் கிடந்ததாம். யார் போட்டது என்று தெரியவில்லை. காயம் பட்ட மாலுமிக்குக் கொடுக்கும் பதக்கத்தின் தாள். ஒன்றோ இரண்டோ காயம் என்றால் கறுப்பு, மூன்று நான்கு என்றால் வெள்ளி, ஐந்து ஆனால் தங்கம். இது கறுப்பு. பெயர் யெல்டோ ரிக்கெல்ஸ். கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாரும் கப்பலில் மாலுமி.

வில்கோ அதை வாங்கியதும் செய்த முதல் காரியம், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டதுதான். தாள் சில்லென்று இருந்தது. நனைந்திருக்கவில்லை, கறையில்லை, சுருக்கமில்லை. ஆனால் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மீனின் வயிற்றைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வெளியே மூன்று நாளாக மழை இல்லை. டெட்லெஃபின் கோட்டுப் பையில் உடம்புச் சூட்டோடு வந்த தாள் அது.

புற ஊதாக்கதிர் விளக்கைக் காட்டினார். தாள் நீலமாகப் பளபளத்தது. போலி என்று எழுதித் தள்ளிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். டெட்லெஃப் தேநீரில் கற்கண்டைப் போட்டு, அது விரிசல் விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவரைச் சீண்டினான். கண்ணு மங்கிப்போச்சு, சும்மா குத்துமதிப்பா எழுதற என்றான். வில்கோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. போருக்குப் பிறகு வந்த காகிதம்தான் இப்படிப் பளபளக்கும், பழைய காகிதம் செத்த மீன் கண் மாதிரி மங்கிக் கிடக்கும் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது தாள் மேசைமேல், இருவருக்கும் நடுவில் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து டெட்லெஃப் இரண்டாவது தாளைக் கொண்டுவந்தான். அதே பெயர், அதே தேதி, அதே சில்லிப்பு. விளக்கில் மங்கிக் கிடந்தது.

வில்கோ கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுண்டுவிரலை நாக்கில் தொட்டு, தளபதியின் கையெழுத்தின் வால் நுனியில் வைத்தார். அந்த நாளில் கப்பலில் காப்பியிங் பென்சிலால்தான் கையெழுத்துப் போடுவார்கள். ஈரம் பட்டால் சாம்பல் நிறம் ஊதாவாகும். இது ஆகவில்லை. டெட்லெஃப் கேட்டான். அவர் சொன்னார். ஒரு தடவை சொன்னவருக்கு இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருந்தது.

மூன்றாவது தாளில் அவர் எச்சில் பட்ட இடம் ஊதாவாகப் பூத்தது. அன்றைக்கு மதியமே இருட்டிக்கொண்டு வந்தது, துறைமுகப் பக்கமிருந்து பனிமூட்டம் தெருவுக்குள் நுழைந்து ஜன்னலில் முகத்தை வைத்து நின்றது, அடுப்பில் கெண்டி இரைந்தது, வீட்டில் வேறெந்தச் சத்தமும் இல்லை, ஆனாலும் யாரோ ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பதுபோல் காதுமடல் கூசியது. தாளைத் திருப்பித் தடவினார். டைப் எழுத்துகள் முதுகுவரை அழுந்தியிருந்தன. முகர்ந்தார். நிலக்கரிப் புகை, தார், ஈரக் கம்பளி. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. தன் பழைய நோட்டை எடுத்து, அந்தக் கப்பலின் ஆட்கள் பட்டியலைப் பார்த்தார். யெல்டோ ரிக்கெல்ஸ் என்று ஒருவன் இல்லவே இல்லை.

“இப்பிடி ஒருத்தன் பொறக்கவே இல்ல மச்சான்,” என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த டெட்லெஃபிடம். “காயமே படாதவனுக்கு என்ன காயப் பதக்கம்? மொதல்ல காயத்தைக் கொண்டாரச் சொல்லு. அப்புறம் காகிதத்தைப் பாக்கலாம்.”

டெட்லெஃப் விழுந்து விழுந்து சிரித்தான்.

நவம்பர் பதினொன்றாம் தேதி நான்காவது தாள் வந்தது. ரிக்கெல்ஸ் போய்விட்டான். பெயர் டெட்லெஃப் ஸாஸன். வலது கையில் மூன்று விரல்கள் இழந்தமைக்காக. தேதி நவம்பர் பதினான்கு. வருஷம் போட்டிருக்கவில்லை.

யாரோ கிண்டல் பண்ணுகிறார்கள் என்றான் டெட்லெஃப். சிரிக்கப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. வில்கோவும் கிண்டல்தான் என்றார். ஆனால் பதினான்காம் தேதி காலையிலேயே எழுந்து கடைக்குப் போய்விட்டார். தேநீர் குடிக்க வந்தேன் என்றார். கோடாரி, ரம்பம், கயிறு சுற்றும் ராட்டினம் எல்லாவற்றையும் பின்னறையில் வைத்துப் பூட்டினார். மைத்துனன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவக்கூடக் கத்தியை எடுக்க விடவில்லை. தானே தடவிக் கொடுத்தார். நம்பவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பாதவன் ஏன் ரொட்டி தடவுகிறான் என்று டெட்லெஃப் கேட்டதற்கு, உன் அக்கா போன பிறகு எனக்குப் பொழுது போகவில்லை என்றார்.

நாலரை மணிக்கு வெளிச்சம் போய்விட்டது. கடையைப் பூட்டலாம் என்று ஷட்டரை உள்ளிருந்து முக்கால்வாசி இறக்கினார்கள். அடியில் ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாகப் பனி தரையோடு தரையாகப் புகுந்து, கால்களைச் சுற்றிக்கொண்டது. பித்தளை விளக்குகள், திசைகாட்டிகள், சுவரில் தொங்கிய மிதவை வளையங்கள் எல்லாம் வியர்த்திருந்தன. எங்கோ ஒரு படகின் சங்கிலி கல்லில் உரசியது. அப்போது இடைவெளியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஒரு தாளின் மூலை. வெளியிலிருந்து மெதுவாக உள்ளே நகர்ந்தது.

“ஆளு வெளியதான் நிக்கறான்,” என்று கிசுகிசுத்த டெட்லெஃப், குனிந்து கையை நீட்டினான்.

வேண்டாம் என்று வில்கோ சொல்ல வாயெடுத்தார்.

ஷட்டர் விழுந்தது.

முதலில் கத்தல் வரவில்லை. கையை இழுக்கப் பார்த்தான், வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தான், வந்தது. மூன்று விரல் இல்லாமல் வந்தது. அதற்குப் பிறகுதான் கத்தினான். இரத்தம் சுவரில் ஒரு கோடு இழுத்து, திசைகாட்டிகளின் கண்ணாடியில் தெறித்தது. வில்கோ தன் கழுத்துத் துணியை உருவி மணிக்கட்டை இறுக்கினார். மீன் கிடங்கில் இதைப்போல் பார்த்திருக்கிறார். ஷட்டரைத் தூக்கினார். வெளியே யாரும் இல்லை. ஈரக் கல்லில் மூன்று விரல்கள். ஒன்று நகத்தடியோடு, ஒன்று நடுக்கணுவோடு, ஒன்று அடியோடு, நசுங்கிப் பிய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு நீளம். தாள் எதுவும் கிடக்கவில்லை.

விரல்களை ஒட்ட முடியவில்லை. மறுநாள் மருத்துவமனையில் டெட்லெஃப் மாத்திரை மயக்கத்தில் கிடந்தான். முகம் மாவு மாதிரி இருந்தது.

“எழுதிடு மச்சான்,” என்றான். “அசல்னு ஒரே வார்த்தை. அதுக்கு வேண்டியது அவ்ளோதான். நீ சொல்றதை எல்லாம் அது செஞ்சு காட்டுது.”

வில்கோவின் கோட்டுப் பையில், பதினொன்றாம் தேதி வந்த அந்த நான்காவது தாள் இருந்தது. துணிக்குள்ளிருந்தும் நெஞ்சுக்குள் சில்லிட்டது. எழுதியிருக்கலாம். ஐம்பது வருஷத்து வீம்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அசல் என்று எழுதினால் அந்த விரல்கள் போனது நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகும் என்ற எண்ணம். பயம் அவரைக் கோபக்காரராக்கியது.

“அது போலிதான்,” என்றார். “பதினாலாம் தேதி காயத்துக்குப் பதினொண்ணாம் தேதியே காகிதம் வந்துச்சு. எந்த ஆபீசுலடா காயத்துக்கு முன்னாடி காகிதம் குடுப்பான்?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. டெட்லெஃபுக்கும் உறைத்தது. இருவரும் அவருடைய கோட்டுப் பையைப் பார்த்தார்கள். நடைவழியில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே போனது, நின்றது.

“முன்னாடி தெரிஞ்சுச்சு,” என்றான் டெட்லெஃப் மெதுவாக. “இனி அதுவும் இல்ல. இல்லையா?”

இல்லை. அன்றிலிருந்து காயம் முதலில் வந்தது, காகிதம் பிறகு வந்தது.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் கெண்டி கவிழ்ந்து அவன் தொடை முழுக்க வெந்தது. தொலைபேசியில் அவன் ஊளையிட்டதை வில்கோ கேட்டார். வைத்துவிட்டுத் திரும்பினால் சமையலறை மேசைமேல் தாள். இரண்டு காயம், கறுப்பு. நான்கு நாள் கழித்து, கடையில் துணைக்கு ஆள் இருக்கும்போதே, உத்தரத்தில் முப்பது வருஷமாகத் தொங்கிய இரும்புக் கொக்கி கழன்று தோள் எலும்பை உடைத்தது. தாள். மூன்று, வெள்ளி. அடுத்து ஜன்னல் கண்ணாடி. இடது காது. தாள். நான்கு.

ஒவ்வொரு தாளின் முதுகையும் திருப்பிவைத்துக்கொண்டு வில்கோ பென்சிலோடு உட்கார்ந்தார். ஒரு தடவை முதல் எழுத்தை எழுதி, அழித்தார். எழுதினால் நின்றுவிடும் என்று யார் சொன்னது? டெட்லெஃப் சொன்னான். டெட்லெஃபுக்கு யார் சொன்னது? தாள் கேட்டுக்கொண்டு கிடந்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தார். தூங்கும்போது உளறிவிடுவோமோ என்று தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்தார்.

டிசம்பர் இரண்டாம் தேதி, மதியம் மூன்றே முக்காலுக்கு, தொலைபேசி அடித்தது.

“வா மச்சான்,” என்றது டெட்லெஃபின் குரல். அழவில்லை, கத்தவில்லை. “அஞ்சாவது ஆயிடுச்சு. வந்து எழுதிடு.”

அப்போது அவர் முடிவு செய்துவிட்டார். போகட்டும் ஐம்பது வருஷம். அவன் பிழைத்தால் போதும். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு, பனிக்குள் வேகமாக நடந்தார். நெஞ்சு வலித்தது. நிற்கவில்லை.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து நுழைந்தார்.

கடையில் ஒரு விளக்கு எரிந்தது. மேசைக்குப் பின்னால் டெட்லெஃப் உட்கார்ந்திருந்தான். கயிறு பிரிக்கும் நீளமான இரும்பூசி வயிற்றில் கைப்பிடிவரை இறங்கியிருந்தது. சட்டையில் இரத்தம் ஒரே கோடாக ஓடி, மடியில் தேங்கி, நாற்காலிக் காலின் வழியே சொட்டியது. சொட்டு. சொட்டு. காதிருந்த இடத்தில் தையல். கையில் கட்டு இல்லை. முகத்தில் வேர்வை இல்லை.

மேசைமேல் தாள். தங்கம். ஐந்து வரி. பக்கத்தில் அவர் எழுதுவதற்காக மேசையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தது.

“எழுது.”

ஆம்புலன்ஸ் கூப்பிட்டாயா என்று கேட்க நினைத்தார். அதற்குள் கை பழக்கத்தில் தாளைத் தூக்கிவிட்டது. விளக்கு. மங்கல். எச்சில். ஊதா. முதுகு. அழுத்தம். மணம். சரி. எல்லாம் சரி. தாளைக் கவிழ்த்து, பென்சிலைக் கீழ் மூலையில் வைத்தார்.

வைத்தவர் நின்றார்.

இந்த ஐம்பது வருஷத்தில் பிழையே இல்லாத அசல் தாளை அவர் பார்த்ததில்லை. எழுதியவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பான். முத்திரை சாய்ந்திருக்கும், ஒரு எழுத்தின்மேல் இன்னொரு எழுத்து ஏறியிருக்கும், தேதியை அடித்துத் திருத்தியிருப்பான். இதில் ஒன்றுமில்லை. ஒரு புள்ளிகூட விலகவில்லை.

சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டார்.

தாளிலிருந்து கண்ணைத் தூக்கினார். எதிரில் இருந்தவனைப் பார்த்தார். தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விரல் போன இடங்கள். மூன்றும் ஒரே மட்டம். ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல். அன்று கல்லில் கிடந்தவை ஒவ்வொன்றும் ஒரு நீளம். மருத்துவர் சீராக்கித் தைத்திருக்கலாம். இருக்கலாம். வலியில் உறைந்துபோனவன் இப்படி அசையாமல் உட்காரலாம். உட்காரலாம். காகிதத்தைச் செய்யக் கற்றது. பிறகு காயத்தைச் செய்யக் கற்றது. அதற்குப் பிறகு?

பென்சிலைக் காதில் செருகினார். எழுதவில்லை.

“என்ன?” என்றது மேசைக்குப் பின்னால் இருந்தது. “எங்க தப்பு?”

பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லவில்லை. பின்பக்கமாகவே நடந்து, ஷட்டருக்கு அடியில் குனிந்து, வெளியே வந்தார். படகுத் துறையோரமாகப் பாலத்தைப் பார்த்து நடந்தார்.

நாற்காலி விழும் சத்தம். உடம்பு விழும் சத்தம். இரும்பு கல்லில் உரசும் சத்தம். இழுபடுகிறது. நிற்கிறது. இழுபடுகிறது.

“மச்சான். எங்க தப்பு? சொல்லு.”

குரல் உடைந்துவிட்டது. இப்போது மூச்சு வாங்கியது. இப்போது இருமியது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் இன்னும் கொஞ்சம் டெட்லெஃபாகிக்கொண்டே வந்தது. அவர் நடந்தார்.

“ஆம்புலன்சையாவது கூப்புடுடா. வலிக்குது.”

நடந்தார்.

துறைமுக அலுவலகத்தின் இருண்ட கண்ணாடியைக் கடக்கும்போது அதில் தெரிந்தது. ஷட்டருக்கு வெளியே, முழங்கைகளால் ஊர்ந்து, அவரைப் பார்த்து இரண்டு விரல் கையைத் தூக்கிக்கொண்டு. பின்னால் ஈரக் கல்லில் அகலமாக ஒரு கறுப்புத் தடம். அதில் குடலும் கொஞ்சம் கிடந்தது. அது அழுதது. மூக்கு ஒழுக, எச்சில் ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதது.

“கிழட்டு நாயே,” என்றது. “அக்கா செத்தன்னிக்கு, டாக்டர் குடுத்த சாவுச் சீட்டையே வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தவன்தானடா நீ.”

அவருடைய கால் அரை அடி பின்தங்கியது. அன்று அந்த அறையில் அவரும் டெட்லெஃபும் மட்டும்தான் இருந்தார்கள். அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

கண்ணாடியில் அந்தக் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது, நடுங்கியது, கீழே விழுந்தது. அழுகை நின்றது.

நன்றாகத்தான் செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் வில்கோ. அழுகை ரொம்ப நன்றாக வந்திருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பாலத்தின்மேல் ஏறினார்.